வேஷக்கார வண்டியின் இரண்டு விளக்குகள்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து தட்டுத் தடுமாறி நடந்து, கடைசியில் வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது என்றும், அந்த இடம் ஒரு பொம்மை நிறுவனத்தின் இரண்டாம் மாடியில் ஜன்னலோரமாகக் கிடக்கும் தன்னுடைய மேசைதான் என்றும் வடிவமைப்பாளன் நம்பினான். இதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. கேட்டவர்கள் சிரித்தார்கள். எல்லா மேதைகளுக்கும் ஆரம்பத்தில் இது நடப்பதுதான் என்று அவன் அவர்களை மன்னித்தான்.

அலுவலகத்தில் அவனுக்கு 'விஞ்ஞானி' என்று பெயர். வைத்தவர்கள் ஓர் அர்த்தத்தில் வைத்தார்கள், அவன் வேறோர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டான். இரு தரப்புக்கும் மகிழ்ச்சி.

மேசையில் நின்றது ஒரு பொம்மை லாரி. உள்ளங்கையில் நிற்கும் அளவு. முதுகு மொட்டை. அந்த மொட்டை முதுகில் துளைகள். ஏணியைச் செருகினால் தீயணைப்பு வண்டி. ஏணியைப் பிடுங்கிவிட்டுக் கொக்கியைச் செருகினால் கிரேன். தொட்டியைச் செருகினால் தண்ணீர் லாரி, கூண்டைச் செருகினால் குப்பை வண்டி. எல்லாத் துளையும் ஒரே அளவு, அவற்றில் செருகும் எல்லா முளையும் ஒரே அளவு. எதை எங்கே வைத்து அழுத்தினாலும் 'டக்'கென்று உட்காரும், இழுத்தால் 'டக்'கென்று வரும். ஊரில் எந்த வேலைக்கு ஆள் இல்லையோ அந்த வேலைக்கு வேஷம் கட்டிக்கொண்டு வந்து நிற்பதால் அதற்கு 'வேஷக்கார வண்டி' என்று பெயராகிவிட்டது.

கழலவே கூடாத சின்ன உறுப்பு என்று பார்த்தால் முகப்பில் இருக்கும் இரண்டு மஞ்சள் விளக்குகள் மட்டும்தான். சட்டைக் காலர் பொத்தானைவிடச் சிறியவை. அவற்றைத் தொழிற்சாலையிலேயே அழுத்தி உட்கார வைத்துவிடுவார்கள். இடது விளக்கு, வலது விளக்கு என்று இரண்டு தினுசு கிடையாது. ஒரே அச்சில் வார்த்தது, எந்தப் பக்கமும் பொருந்தும். இதில் அவனுக்குத் தனிப் பெருமை. இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என்று செய்கிறவன் சோம்பேறி, ஒன்றைச் செய்து இரண்டு பக்கமும் உட்கார வைக்கிறவனே கலைஞன் என்று தேநீர் நேரத்தில் பேசிக்கொண்டிருப்பான். தேநீர் ஆறும் வரை பேசுவான்.

இந்தப் பொற்காலத்துக்கு நடுவில் ஒரே ஒரு கரும்புள்ளி இருந்தது. அது கீழ்த்தளத்தில் இருந்தது. பாதுகாப்புச் சோதனைப் பிரிவின் தலைவி.

அந்த அம்மாள் அவனைவிட ஒரு பட்டம் கூடுதலாகப் படித்தவர். குரலும் ஒரு கட்டை கூடுதல். கையில் எப்போதும் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் இருக்கும். அகலத்தில் சின்னக் குழந்தையின் தொண்டை அளவு. பொம்மையிலிருந்து கழலும் எந்தத் துண்டும் அந்தக் குழாய்க்குள் முழுசாக அடங்கிவிட்டால், அது குழந்தையின் தொண்டையிலும் அடங்கும். பொம்மை தோற்றது. அவ்வளவுதான் விதி. ஆனால் அவர் விதியோடு நிற்கவில்லை. குழாயைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போகிற இடமெல்லாம் போனார். உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிய்த்துக் குழாயில் போட்டுப் பார்த்துவிட்டு, பெரிய டாக்டர் முகத்தோடு வீட்டுக்காரம்மாளிடம் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து 'குழாய் மேடம்'.

விஞ்ஞானி அவரைப் போல நடிப்பதில் கெட்டிக்காரன். காகிதக் கோப்பையைச் சுருட்டிக் குழாயாக்கி, எதிரே இருப்பவரின் மோதிரம், பேனா மூடி, பிஸ்கட் துணுக்கு என்று ஒவ்வொன்றாக உள்ளே போட்டு, கண்ணை இடுக்கி, "இதுவும் அடங்குதே, தம்பி" என்று பெருமூச்சு விடுவான். தேநீர் அறையே குலுங்கும். புது பொம்மை வந்தால் மேடம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு வயதுக் குழந்தையைப் போலத் தட்டி, எறிந்து, பல்லால் கடித்துக்கூடப் பார்ப்பார். அதையும் நடித்துக் காட்டுவான். பயப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் உலகத்தில் இந்த அம்மாள்தான் என்பான்.

வேஷக்கார வண்டி அவருடைய குழாயில் தோற்கவில்லை. ஏணி, கொக்கி, தொட்டி எல்லாமே குழாயை விடப் பெரியவை. விளக்குகளை இயந்திரத்தின் இடுக்கியில் பிடித்து நேராக இழுத்துப் பார்த்தார்கள். அசையவில்லை. ஆனாலும் மேடம் கையெழுத்துப் போடவில்லை. ஒவ்வொரு உறுப்பையும் வண்டியில் வைத்துச் சோதித்தாயிற்று, ஒரு உறுப்பை இன்னொரு உறுப்போடு மோதவிட்டுப் பார்க்கவில்லை, அதற்குக் கொஞ்சம் நாள் வேண்டும், அதுவரை மாதிரி வண்டி எதுவும் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்றார்.

"ஏன் மேடம், ஏணியும் கொக்கியும் சண்டை போட்டுக்குமா?" என்று கேட்டான் விஞ்ஞானி.

"போட வைக்க ஒரு குழந்தை போதும், தம்பி" என்றார் அவர்.

அன்று மாலை அவன் மாதிரி வண்டி ஒன்றைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனான். திருட்டு என்று அவனுக்குத் தோன்றவில்லை. தாய் தன் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனால் யாராவது திருட்டு என்பார்களா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் அக்கா வீட்டில் இருந்தான். அக்கா அழகு நிலையத்தில் வேலை பார்க்கிறவள். மற்றவர்களுக்கு விடுமுறை என்றால் அவளுக்கு அன்றுதான் தலைக்கு மேல் வேலை. அக்காவின் கணவர் நிஜ கிரேன் ஓட்டுகிறவர். அன்று எங்கோ ஒரு பாதிக் கட்டடத்தின் உச்சியில் இருந்தார், போனை எடுக்க மாட்டார். ஆகவே ஒன்றரை வயது மருமகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தாய்மாமன் தலையில் விழுந்தது. அவளுக்குச் சளி. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வீட்டில் அவளுக்குப் பெயர் பட்டாணி.

"தூங்கினா தூங்க விடு. தூங்கலன்னா நீ தூங்கிடாத" என்று சொல்லிவிட்டு அக்கா கிளம்பினாள்.

பட்டாணி தூங்கவில்லை. கூடத்துப் பாயில் உட்கார்ந்து, மாமன் கொண்டுவந்த வேஷக்கார வண்டியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஏணியைப் பிடுங்கினாள், செருகினாள், மறுபடி பிடுங்கினாள். ஒவ்வொரு 'டக்'குக்கும் மாமனைப் பார்த்துச் சிரித்தாள். விஞ்ஞானிக்கு நெஞ்சு விம்மியது. இதற்கு மேல் எந்தக் கையெழுத்து வேண்டும்? போனை எடுத்து வீடியோப் படம் பிடித்தான். பிறகு அதை மேலாளருக்கு அனுப்ப, படத்தின் கீழே என்ன எழுதலாம் என்று யோசித்தான். 'உண்மையான நீதிபதி' என்று எழுதினான். பிடிக்கவில்லை. 'வருங்கால வாடிக்கையாளர்' என்று மாற்றினான். அதில் ஒரு கம்பீரம் இருந்தது. அனுப்பிவிட்டு நிமிர்ந்தான்.

வண்டிக்கு ஒரு கண் இல்லை.

இடது பக்க விளக்கு இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் துளை. அந்தத் துளையின் ஓரத்தில் ஏணியின் நுனி சாய்ந்திருந்தது. பட்டாணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது.

  அவன் ஒரே தாவலில் போய் அவள் வாயைத் திறந்து விரலை உள்ளே விட்டுத் துழாவினான். நாக்கு தட்டுப்பட்டது, அதற்கப்பால் வழவழவென்று ஏதோ தட்டுப்பட்ட மாதிரியும் இருந்தது, படாத மாதிரியும் இருந்தது. அவள் கடித்தாள். விரலை எடுத்தான். அவள் இருமினாள், முகம் சிவக்க இன்னொரு தடவை இருமினாள், அப்புறம் ஓவென்று அழுதாள்.

பாயை உதறினான். சோபாவுக்கு அடியில் பார்த்தான். அவள் உடுப்பை உதறினான். விளக்கு இல்லை.

கை தானாக யாருடைய எண்ணைத் தேடியது என்று அவனுக்கே அப்புறம்தான் தெரிந்தது. மறுமுனையில் குழாய் மேடத்தின் குரல், வழக்கத்துக்கு மாறாகக் கீழ் ஸ்தாயியில். அவன் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. வண்டி எப்படி அங்கே வந்தது என்றும் கேட்கவில்லை.

"அழறாளா?"

"அழறா மேடம்."

"அழறது நல்லது. மூச்சு போகுதுன்னு அர்த்தம். தண்ணி குடுக்காத, சாப்பிட ஒண்ணும் குடுக்காத. நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. வண்டியையும் எடுத்துட்டுப் போ, டாக்டர் அளவு பாக்கணும். முக்கியமா வாய்க்குள்ள விரல் மட்டும் விட்டுடாத. தொண்டையில ஒட்டிட்டு இருக்கறத நீயே உள்ள தள்ளிடுவ."

அவன் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தான். அதில் பட்டாணியின் முன்பற்கள் நான்கும் பதிந்திருந்தன.

"சரி மேடம்" என்றான்.

டாக்ஸியில் பட்டாணி அழுகையை நிறுத்திவிட்டாள். அதுதான் பெரிய கொடுமையாக இருந்தது. அழுதால் மூச்சு இருக்கிறது என்று தெரியும். சும்மா இருந்தால் என்ன தெரியும்? ஒவ்வொரு சிக்னலிலும் அவன் தன் காதை அவள் மூக்கருகே கொண்டுபோனான். மூக்கு அடைத்துக்கொண்டு கர்ரென்றது. சளியா, விளக்கா? இரண்டு நாளாகச் சளிதான் என்று ஒரு மனம் சொன்னது. இவ்வளவு கர்ரென்று இல்லையே என்று இன்னொரு மனம் சொன்னது. டாக்ஸிக்காரர் கண்ணாடியில் பார்த்து, பாப்பா தூங்கட்டும் சார், ஏன் எழுப்பிக்கிட்டே இருக்கீங்க என்றார். பட்டாணி கண் சொருகும்போதெல்லாம் அவன் அவளைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். நெஞ்சில் குழலை வைத்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம் என்று கேட்டார். வண்டியில் மிச்சமிருந்த விளக்கை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"உள்ள போனதப் பாத்தீங்களா?"

"இல்ல டாக்டர்."

"வாயில வெச்சதயாவது?"

"இல்ல."

"அப்ப எதைப் பாத்துட்டு இருந்தீங்க?"

அவன் போனைக் காட்டினான். படத்தில் இரண்டு விளக்குகளும் இருந்தன. பட்டாணி ஏணியைப் பிடுங்கித் தலைகீழாகப் பிடித்து, அதன் நுனியை விளக்கின் விளிம்புக்குக் கீழே கொடுத்து, மூடியைத் திறக்கக் கரண்டியை நுழைப்பது போல நெம்பிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து அவன் குரல், "அப்படித்தான், அப்படித்தான்" என்று. அத்தோடு படம் முடிந்தது.

இயந்திரத்தால் இழுத்தால் வராத விளக்கு, நெம்பினால் வரும். நிஜ ஏணி மாதிரி இருக்க வேண்டும் என்று நுனியை அவ்வளவு மெல்லிசாகச் சீவியவன் அவன்தான். அச்சு செய்பவர் கொஞ்சம் தடியாக இருக்கட்டுமே என்றதற்கு, அழகுணர்ச்சி என்றால் என்ன என்று அவருக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்திருந்தான்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எடுத்தவர் திரையைப் பார்த்தபடியே, அது உலோகமா பிளாஸ்டிக்கா என்று கேட்டார். முழுக்கப் பிளாஸ்டிக், ஒரு துளி உலோகம் கிடையாது, குழந்தைகளின் பாதுகாப்புக்காக என்று அவன் வாய் பழக்கதோஷத்தில் ஒப்பித்துவிட்டது. அப்படியானால் எக்ஸ்ரேயில் தெரியாது என்றார் அவர்.

அக்கா வந்தபோது அவள் கையில் யாருடைய தலைமுடிச் சாயமோ காயாமல் இருந்தது. பட்டாணியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவனைப் பார்த்து என்னடா குடுத்த என்று மட்டும் கேட்டாள். அவன் வண்டியைக் காட்டினான். அவள் அதைக் கையில் வாங்கவில்லை.

டாக்டர் இரண்டு பேரையும் உட்கார வைத்து விளக்கினார். வலது பக்க நெஞ்சில் காற்றுப் போகும் சத்தம் கொஞ்சம் குறைவு மாதிரி இருக்கிறது. சளியாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் மயக்கம் கொடுத்து, மூச்சுக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு, அதுவும் சளியோடு இருக்கும்போது, மயக்கம் கொடுப்பதில் ஆபத்து உண்டு. வெறும் சந்தேகத்துக்காக அதைச் செய்ய அவருக்கு மனசு வரவில்லை. ஆனால் உள்ளே இருந்து, எடுக்காமல் விட்டு, அது நகர்ந்து மூச்சை முழுசாக அடைத்துவிட்டால் செய்ய ஒன்றும் இருக்காது.

"அறுவை அறை தயாராக கொஞ்ச நேரம் ஆகும். அதுக்குள்ள அந்த விளக்கு வீட்டுல கிடைச்சிட்டா, குழந்தைய அப்படியே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றார்.

அக்கா சாவியை எடுத்து அவன் மேல் எறியாத குறையாகக் கொடுத்தாள்.

அக்காவின் வீடு சின்ன வீடு. அன்று அது பெரிதாகிவிட்டது. எத்தனை மூலைகள் இருக்கின்றன, எத்தனை பொருட்களுக்கு அடிப்பக்கம் என்று ஒன்று இருக்கிறது என்பது சட்டைப் பொத்தானைவிடச் சிறியதைத் தேடுகிறவனுக்குத்தான் தெரியும். சோபாவைக் கவிழ்த்தான். பாயை ஜன்னலில் உதறினான். துவைக்கும் இயந்திரத்தின் ரப்பர் உதட்டை விரித்துப் பார்த்தான். துடைப்பத்தின் ஈர்க்குகளுக்கு நடுவில் பார்த்தான். கிடைத்தவை: ஒரு காதுத் திருகாணி, மாத்திரை உறை, ரிமோட்டின் பின்மூடி, உலர்ந்த பருக்கை. இதையெல்லாம் விழுங்காமல் இவ்வளவு நாள் இந்தக் குழந்தை எப்படி உயிரோடு இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே அடுத்த மூலைக்கு நகர்ந்தான்.

மேடம் போனில் கூப்பிட்டார். பெரியவன் மாதிரி நின்றுகொண்டு தேடாதே, அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார், அவள் செய்ததைச் செய், விளக்கு எங்கே போகும் என்று அதுவே காட்டும் என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குத் தானும் கிளம்புவதாகச் சொன்னார்.

அது சரியான யோசனையாகத்தான் பட்டது. பாயை மறுபடி விரித்து, காலை நீட்டி, பட்டாணி உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தான். வண்டியை மடியில் வைத்தான். ஏணியைத் தலைகீழாகப் பிடித்தான். நுனியை மிச்சமிருந்த விளக்கின் விளிம்புக்குக் கீழே கொடுத்து நெம்பினான்.

'டக்.'

விளக்கு பறந்தது. வாய்ப்பக்கம் வரவில்லை. எதிர்ப்பக்கமாகத் துள்ளி, கண் தொடர முடியாத வேகத்தில் வாசல் பக்கம் போய் எதிலோ தட்டியது. அவன் துள்ளி எழுந்தான். அப்படியானால் முதல் விளக்கும் அப்படித்தான் பறந்திருக்கும். வாய்க்குப் போகவே இல்லை. செருப்பு வைக்கும் தட்டுக்கு ஓடினான். அக்கா கணவரின் பழைய வேலை பூட்ஸைக் கவிழ்த்தான். மண்ணும், சிமெண்டுத் தூளும், அவற்றோடு மஞ்சள் விளக்கு ஒன்றும் தரையில் உருண்டன.

அவன் அதை எடுத்து முத்தமிட்டான். தரையிலேயே உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தான். அக்காவின் எண்ணை அழுத்தப் போன கட்டைவிரல் பாதி வழியில் நின்றது.

இது எந்த விளக்கு?

பட்டாணி கழற்றியதா, இப்போது அவன் கழற்றியதா? அவளுடையது என்றால் அவள் பிழைத்தாள். அவனுடையது என்றால் ஒன்றுமே கிடைக்கவில்லை. வண்டியில் ஒரு விளக்கு இருந்தவரை, கிடைக்கிற எந்த விளக்கும் அவளுடையதாகத்தான் இருந்திருக்கும். அந்த ஒரு சாட்சியை அவனே நெம்பி எறிந்துவிட்டான். இனி இரண்டு கிடைத்தால்தான் ஒன்று கிடைத்ததாக அர்த்தம்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பல் பதிந்திருக்கிறதா? இல்லை. எச்சில் ஈரம்? சிமெண்டுத் தூள்தான். இடப் பக்கத்தது என்று ஒரு சின்னக் கோடு, ஒரு புள்ளி, ஒரு சாய்வு? தேடிப் பயனில்லை என்பது உலகத்தில் அவனுக்குத்தான் மிக நன்றாகத் தெரியும். செருப்புத் தட்டை இழுத்துப் போட்டான். எல்லாச் செருப்பையும் கவிழ்த்தான். தாழ்வாரத்தில் நாலு காலில் ஊர்ந்தான். இன்னொன்று இல்லை. எங்கோ இடுக்கில் இருக்கலாம். அல்லது பட்டாணியின் நெஞ்சுக்குள் இருக்கலாம்.

போன் அடித்தது. அக்கா.

"கிடைச்சுதாடா?"

விளக்கு அவன் உள்ளங்கையில் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மயக்க ஊசி வேண்டாம், கேமரா வேண்டாம், அக்கா முகத்தில் உயிர் வரும். வேஷக்கார வண்டியும் பிழைத்துக்கொள்ளும், யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. இது அவள் கழற்றியதாகத்தான் இருக்கும் என்று வாதாட அவனுக்குள் ஒரு வக்கீல் அதற்குள் எழுந்து நின்றுவிட்டான். நல்ல வக்கீல். இவ்வளவு காலமும் அவனுக்காகத் தேநீர் அறையில் வாதாடியவன்தான்.

"ஒண்ணு கிடைச்சிருக்குக்கா."

"ஒண்ணுதானடா காணோம்."

"இன்னொண்ணையும் நான் கழட்டிட்டேன்."

"எதுக்கு?"

"எப்படிக் கழலுதுன்னு டெஸ்ட் பண்ணிப் பாக்க."

மறுமுனையில் ஆஸ்பத்திரியின் சத்தங்கள் கேட்டன. யாரோ யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்க்கா. இது எதுன்னு தெரியல."

"நீதானடா செஞ்ச."

"நான் செஞ்சதாலதான் தெரியல."

"தியேட்டர் ரெடின்னு சொல்றாங்க. கிடைச்சுதா, கிடைக்கலயா. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

வக்கீல் தொண்டையைச் செருமினான்.

"கிடைக்கல" என்றான் விஞ்ஞானி. "டாக்டர்கிட்ட கிடைக்கலன்னே சொல்லு."

அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பட்டாணியை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அக்கா மூடிய கதவைப் பார்த்து நின்றாள். அவள் தோளில் பட்டாணியின் மூக்குச் சளி காய்ந்திருந்தது. அதை அவள் துடைக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் குழாய் மேடம் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. அந்த அம்மாளை அப்படி அவன் பார்த்ததில்லை. ஆயிரம் பயங்களைத் தினசரி ஊதித் தள்ளுகிறவருக்கு இது எம்மாத்திரம் என்று நினைத்திருந்தான்.

அவன் உட்கார்ந்ததும் மெதுவாகச் சொன்னார். "நான் கொக்கியத்தான் சந்தேகப்பட்டேன், தம்பி. ஏணிய நினைக்கவே இல்ல."

 ஒவ்வொரு தடவை கதவுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் வரும்போதும் மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். சத்தம் வேறு பக்கம் போனது. உள்ளே ஒன்றும் இல்லை என்று வந்து, இந்த மயக்கத்தில் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வீட்டில் செருப்புத் தட்டுக்குப் பின்னால் அந்த இன்னொரு விளக்கு சும்மா கிடந்தால்? ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டுமோ? இந்தக் கேள்வி வந்த பிறகு அவனால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.  

சட்டைப் பையில் போன் சிணுங்கியது. மேலாளர் பதில் எழுதியிருந்தார். குழந்தை அபாரம், ஏணியை வைத்து விளக்கை நோண்டுகிற இடம் கொள்ளை அழகு, விளம்பரத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளலாமா, தாயாரிடம் சம்மதம் கேட்டுச் சொல்லவும் என்று. கடைசியில் இரண்டு கைதட்டும் படங்கள்.

கதவு திறந்தது. டாக்டர் கையில் ஒரு சின்ன ஸ்டீல் கிண்ணம்.

"எடுத்துட்டோம். நல்லா இருக்கா."

அக்கா அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிண்ணத்தில் மஞ்சளாக, சின்னதாக, சமர்த்தாக விளக்கு கிடந்தது. வலது பக்கச் சிறு குழாயில் போய் உட்கார்ந்திருந்தது என்றார் டாக்டர். நடுவில் ஒரு துளை இருந்ததால் காற்றுப் போய்க்கொண்டிருந்தது, வீங்க ஆரம்பித்துவிட்டது, ராத்திரிக்குள் மூடியிருக்கும், வீட்டுக்கு அனுப்பாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. அந்தத் துளை வடிவமைப்பாளனின் தொலைநோக்கு அல்ல. பிளாஸ்டிக் மிச்சம் பிடிக்க அச்சு செய்பவர் போட்டது. அழகைக் கெடுக்கிறது என்று அவன் அதற்கும் சண்டை பிடித்துத் தோற்றிருந்தான்.

அக்கா எழுந்து உள்ளே போகும் முன் அவன் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். "மாமா போன் பண்ணுவாரு, நீயே எடுத்துச் சொல்லு" என்றாள். திட்டே பரவாயில்லை என்றிருந்தது.

அவன் தாழ்வாரத்தின் கோடிக்குப் போய் முதலில் மேலாளரைக் கூப்பிட்டான். வேஷக்கார வண்டியை நிறுத்த வேண்டும் என்றான். ஒரு குழந்தைக்கு நடந்தது எல்லாக் குழந்தைக்கும் நடக்குமா என்று மேலாளர் நியாயம் பேசினார், அச்செல்லாம் தயாராகிவிட்டதே என்றார், நீதானே இதைவிடப் பத்திரமான வண்டி கிடையாது என்று சொன்னாய் என்றார். ஆமாம், நான்தான் சொன்னேன், அதனால்தான் நிறுத்தச் சொல்கிறேன் என்றான். மேலாளர் அந்த வாக்கியத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். விஞ்ஞானி இப்படி ஒரு வாக்கியம் பேசி அவர் கேட்டதில்லை.

மாலை வெயில் வார்டின் ஜன்னலில் சாய்ந்தபோது பட்டாணி கையில் ஊசிக்குழலோடு தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக வந்துபோனது. அக்காவைக் கட்டாயப்படுத்தி ஒரு வாய் காபி குடிக்க மேடம் கீழே அழைத்துப் போயிருந்தார். கைப்பையை நாற்காலியிலேயே விட்டுப் போயிருந்தார். திறந்த வாயில் குழாயின் விளிம்பு தெரிந்தது.

அவன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அதை எடுத்தான்.

கட்டிலோர மேசையில் மருந்துப் புட்டியின் மூடி இருந்தது. குழாயில் போட்டான். அடங்கியது. எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். ஜன்னல் திரையின் வளையம் ஒன்று கீழே கிடந்தது. போட்டான். பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, அதைத் திருப்பி வைத்தான். நர்ஸ் மறந்து விட்டுப் போயிருந்த பேனாவின் மூடியைக் கழற்றினான்.

"என்ன சார் பண்றீங்க?" என்றார், அதைத் தேடி வந்த நர்ஸ்.

அவன் அவரிடம் பேனாவை மட்டும் கொடுத்தான். மூடியைக் குழாயில் போட்டு, கண்ணை இடுக்கி, அது அடி வரை போவதைப் பார்த்தான். நர்ஸ் போன பிறகு, தூங்குகிற குழந்தையின் பக்கம் குனிந்து, தன் சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்து, வருகிறதா என்று இழுத்துப் பார்த்தான்.